மூன்றாம் தொட்டியும் முழுப்பயறும்

சாப்பாட்டுக்காரம்மா சாக்கடைத் தண்ணீரில் சமைக்கிறார் என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது.

அது தெருவிலுள்ள எல்லாக் காதுகளையும் சுற்றிவிட்டு, பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவருக்குக் கிடைக்கும் சோறு மாதிரி, ஆறிப்போன பிறகு சாப்பாட்டுக்காரம்மாவின் புருஷன் காதுக்கு வந்தது. கொண்டுவந்தவள் அவருடைய சொந்தத் தங்கை. ஃபோனில் முதலில் நலம் விசாரித்தாள். பிறகு அண்ணியின் முழங்கால் வலியை விசாரித்தாள். அதற்குப் பிறகுதான், "அண்ணே, தப்பா எடுத்துக்காதே. நான் துளிகூட நம்பலை. ஆனா இந்த வாரம் எங்க வீட்டுக்குச் சாப்பாடு வேண்டாம்னு அண்ணிகிட்ட சொல்லிடு" என்றாள். நம்பாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

தங்கையோடு போயிருந்தால் ஒரு டிபன் பாக்ஸ் நஷ்டம். அன்று காலையில் தையல் கூடத்திலிருந்தும் ஆள் வந்து, மறுபடி சொல்லும்வரை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. அங்கேதான் விஷயம். தையல் கூடத்துப் பெண்களுக்குச் சாப்பாடு போடுவதற்காகத்தான் அந்த வீட்டின் முன்னறையே சமையலறையாகியிருந்தது. முன்னறையில் இருந்த நாற்காலி நடைபாதைக்குப் போனது. நாற்காலியோடு சேர்ந்து புருஷனும் போனார். இப்போது அந்தக் கூடம் கைவிட்டால் அடுப்பில் பாதி அணையும். பாதி அடுப்பை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற ஆளுக்குக்கூடச் சோறு போட முடியாது, கடையைச் சாத்த வேண்டியதுதான். ஒற்றைக் கரண்டியோடு தொடங்கி வீட்டம்மா கட்டிய ராஜ்ஜியம் அது. அதில் தனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதில் புருஷனுக்கு ரகசியமாக ஒரு பெருமை உண்டு. பங்கு இருந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

இந்தப் புருஷனுக்கு வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் மூக்கர். ஊர் குளித்துக் கழுவி அலசிவிடும் தண்ணீரெல்லாம் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி பார்க்கும் உத்தியோகம். உள்ளே வரும் தண்ணீரை முதலில் ஒரு இரும்புச் சல்லடை மறிக்கும். சீப்பு, பொம்மைக் கை, பல்செட், யாரோ கோபத்தில் கழற்றி எறிந்த மோதிரம் எல்லாம் அங்கேயே தங்கிவிடும். மீதி காற்றுத் தொட்டிகளுக்கு வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கூட்டம் கூட்டமாக அழுக்கைத் தின்று வாழ்கின்றன. அடியிலிருந்து அவற்றுக்குக் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் மயங்கிப் படுக்கும், கூடினால் நுரை கக்கும். பசியா, மந்தமா, அஜீரணமா என்று பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் மூக்கரின் வேலை. ஒரு வகையில் அவரும் சாப்பாட்டுக்காரர்தான். அம்மா சமைத்ததைச் சாப்பிட்டவர்கள் மறுநாள் அனுப்பிவைப்பதை இவர் பரிமாறுகிறார்.

கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடி, ஒரு இழுப்பு. முட்டை அழுகிய நாற்றம் வந்தால் தொட்டிக்கு உடம்பு சரியில்லை. நல்ல தொட்டி சாக்லேட் நிறத்தில் இருக்கும். முதல் மழை விழுந்த மண்ணைப் போல மணக்கும். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் மீட்டர் அதையே புள்ளி வைத்துச் சொல்லிவிடும். இரண்டுக்கும் தகராறு வந்தால் ஒவ்வொரு தடவையும் மீட்டர்தான் ஜெயிக்கும். இருந்தாலும் அங்குள்ள இன்ஜினியர் மரியாதை தெரிந்த பெண். "அண்ணே, மூணாம் தொட்டி இன்னைக்கு எப்படி?" என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான் மீட்டர் பக்கம் திரும்புவார். தன் மூக்கு இன்னும் நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு கேள்வியின் தயவில்தான் என்று மூக்கருக்கும் தெரியும். தெரிந்தும் நிமிர்த்திக்கொண்டுதான் திரிந்தார்.

ஆக, அந்தப் பேச்சைக் கிளப்பியது யார் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டபோது அவருக்குச் சந்தேகமே இல்லை. இதற்குத் தன்னைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது. குழாயில் அடைப்பு எடுக்கிறவர்கள் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தெருவில் வரிசையாக இருக்கும் சாக்கடை மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் தேங்கி நின்றால் அடைப்பு அதற்குக் கீழே. காய்ந்து கிடந்தால் மேலே. மூடி மூடியாக நகர்ந்தால் அடைப்பு தானாக மாட்டும். வதந்தியையும் இப்படியே பிடித்துவிடலாம் என்று மூக்கர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். மனைவியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. குற்றவாளியைக் கையோடு இழுத்துவந்து சமையலறையில் நிறுத்திவிட்டுச் சொல்லலாம் என்று ஒரு காட்சி மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியில் அவர் கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்.

முதல் மூடி மளிகைக்கடை. தங்கை அங்கேதான் கேள்விப்பட்டாளாம். மளிகைக்காரர் மறைக்கவில்லை. தேய்ப்புக்காரர் சொன்னதாகவும், தான் முதலில் நம்பவில்லை என்றும், ஆனால் அந்த நீலக் கேனை நினைத்ததும் நம்பிக்கை வந்துவிட்டதாகவும் சொன்னார்.

மூக்கருக்கு லேசாக வியர்த்தது. நீலக் கேன் உண்மை. வேலை முடிந்து வரும்போது சைக்கிளின் பின்னால் கட்டி ஒரு கேன் தண்ணீர் கொண்டுவருவார். எல்லாக் கட்டமும் தாண்டி, வடிகட்டி, கிருமி கொல்லும் ஒளி விளக்கில் காட்டி, கண்ணாடி மாதிரி வெளியே வரும் கடைசித் தண்ணீர். நிலையத்தில் கேட்டுத்தான் எடுப்பார். மாடியில் இருக்கும் ரோஜாத் தொட்டிகளுக்கு ஊற்றுவார்.

"செடிக்குப்பா."

"செடிக்குன்னு கேன் மேல எழுதியா வெச்சிருக்கீங்க? சாயந்தரம் ஆனா கேன் உள்ள போகுது, காலைல டிபன் பாக்ஸ் வெளிய வருது. நான் என்னத்த நினைக்கிறது?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூக்கர் அடுத்த மூடிக்குப் போனார்.

தேய்ப்புக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவைத்துவிட்டு, முடிவெட்டுகிறவர் சொன்னது இவ்வளவுதான் என்று சொன்னார்: அந்த அம்மா கைச் சமையல் சாக்கடைத் தொட்டி மாதிரி இருக்குமாம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சேர்க்கவில்லை. எந்தச் சமையலாவது சும்மா அப்படி இருக்குமா, அங்கிருந்து ஏதாவது வந்தால்தானே இருக்கும் என்று யோசித்து மட்டும் பார்த்தாராம். யோசித்ததை மளிகைக்காரரிடம் சொன்னாராம். அவ்வளவுதான்.

ஆக இருவரும் யோக்கியர்கள். ஒருவர் கண் வைத்தார், ஒருவர் காது வைத்தார். மூக்கு வைத்தது யார் என்று பார்க்க மூக்கர் முடிவெட்டும் கடைப்படியில் ஏறினார். ஏறும்போதே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முடிவெட்டுகிறவர் நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். உட்கார வரவில்லை, விசாரிக்க வந்திருக்கிறேன் என்று மூக்கர் விறைப்பாகச் சொல்லி, விஷயத்தைச் சொல்லி, இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டார்.

அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "யாரைண்ணே தேடுறீங்க? நீங்கதானே சொன்னீங்க."

"நானா?"

"இதே நாற்காலிதான். மூஞ்சி பூரா நுரை போட்டாச்சு. வாயை அசைக்காதீங்கன்னு சொன்னேன், நீங்க கேக்கலை. 'எங்க வீட்டம்மா வைக்கிற முழுப்பயறு இருக்கே, நிறமும் சரி, வாசனையும் சரி, அப்படியே எங்க மூணாம் தொட்டி'ன்னீங்க. நான் கத்தியைக் கீழ வெச்சுட்டேன்."

மூக்கருக்கு ஞாபகம் வந்தது. சொன்ன அந்தச் சொல் அப்படியே வந்தது.

"யோவ், அது பாராட்டுய்யா."

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? உங்க தொட்டியை நான் எங்க மோந்து பார்த்தேன்?"

கடைக் கண்ணாடியில் எதிரே ஒரு முகம் தெரிந்தது. அடைப்பு இருந்த இடம் அதுதான். வாய் இன்னும் திறந்தே இருந்தது.

அந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொல்லியிருப்பான். மூக்கர் சாதாரணமானவர்தான். ஆனாலும் அன்றைக்கு அதை மறந்துவிட்டார். கெடுத்தவனே சரிசெய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார். பேச்சுக்குப் பதில் நிரூபணம். மறுநாள் வேலை முடிந்து வரும்போது அந்தக் கடைசித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். சாயந்தரம் கூட்டம் சேரும் நேரமாகப் பார்த்து மளிகைக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதுதான் நீங்கள் எல்லோரும் பயப்படுகிற தண்ணீர், நானே குடிக்கிறேன், பாருங்கள் என்றார். குடிப்பதற்கு அல்ல என்று நிலையத்திலேயே ஆளுயரப் பலகை வைத்திருக்கிறார்கள். அதைத் தினமும் துடைக்கிறவரே அவர்தான்.

தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்ற பெருமையில் கொஞ்சம் அவசரமாகக் குடித்துவிட்டார். புரையேறியது. கண் பிதுங்கி, முகம் சிவந்து, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் இருமிய இருமலில் தேய்ப்புக்காரர் ஓடிவந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. கூட்டத்தில் ஒரு அம்மாள் சேலைத் தலைப்பால் தன் பிள்ளையின் வாயைப் பொத்தினார். கேனில் மட்டும் இல்லை, பாட்டிலிலும் கொண்டுவருகிறார் என்று மளிகைக்காரர் மெதுவாகச் சொன்னது இருமலுக்கு நடுவிலும் மூக்கர் காதில் விழுந்தது.

மறுநாள் பல் டாக்டர் கிளினிக்கும் சாப்பாடு வேண்டாம் என்றது.

அன்று மத்தியானம் சமையலறை அமைதியாக இருந்தது. பெரிய பாத்திரம் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. கவிழ்த்த பாத்திரத்தின் அடியைப் பார்ப்பது மூக்கருக்குப் பழக்கமில்லை. அந்த நேரத்தில் அது எப்போதும் அடுப்பின் மேல் இருக்கும். மனைவி சத்தம் போடவில்லை. காலி டிபன் பாக்ஸ்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். கலைத்தார். மறுபடியும் அடுக்கினார். எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். தெரு அந்த அளவுக்கு நல்ல தெரு.

"ஏங்க. முடிவெட்டுறவர்கிட்ட என் சமையலைப் பத்திச் சொன்னது, நிஜமாவே பாராட்டா?"

"சத்தியமா பாராட்டுதாம்மா."

"கல்யாணம் ஆனதுல இருந்து என் சமையலைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க சொன்னதில்லை. முதல் முதலா ஒண்ணு சொல்லியிருக்கீங்க. அதையும் என்கிட்ட சொல்லலை. சவரம் பண்ணறப்ப சொல்லியிருக்கீங்க."

மூக்கர் நடைபாதை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தட்டைக் காலி செய்வதே பாராட்டு என்று தான் நினைத்திருந்ததைச் சொல்லலாமா என்று பார்த்தார். அன்றைக்குக் காலி செய்யத் தட்டும் இல்லை.

"சரி, எழுந்திருங்க," என்றார் மனைவி. "அந்தத் தொட்டியைக் காட்டுங்க. என்னை எதோட சேர்த்துவெச்சீங்கன்னு நான் பார்க்கணும்."

இத்தனை வருஷத்தில் அந்த அம்மா நிலையத்துக்கு வந்ததில்லை. இவரும் கூப்பிட்டதில்லை. யார் மனைவியை அங்கே கூட்டிப்போவார்கள்? பார்வையாளர்களுக்கான தொப்பியை மாட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, அவர் சல்லடையைப் பார்த்தார். அன்றைய அறுவடையில் ஒரு கரண்டி இருந்தது. "நல்ல கரண்டி," என்று மட்டும் சொன்னார். மூடிய கலங்களில் சகதி புளித்து எரிவாயு வருவதையும், அந்த எரிவாயுவில் ஓடும் எஞ்சின்தான் இங்கேயே விளக்கு எரிப்பதையும், புளித்து முடிந்த சகதி காய்ந்து பூங்காக்களுக்கு உரமாகப் போவதையும் மூக்கர் கைகாட்டிக் காட்டி விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டார். மாவு புளிக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மூக்கர் யோசித்துப் பார்த்தார். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இருப்பது என்று அன்று முதல் முறையாக முடிவெடுத்தார்.

மூன்றாம் தொட்டியின் கம்பிக்கு வந்தார்கள். நுரை வெள்ளையாக ஓரத்தில் ஒதுங்கியிருக்க, பழுப்புத் தண்ணீர் அடியிலிருந்து கொப்பளித்துக்கொண்டிருந்தது. சிறு தீயில் கிடக்கிற பெரிய பாத்திரம் மாதிரிதான் இருந்தது. அம்மா கம்பியைப் பிடித்துக் குனிந்தார். மூக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருக்க வேண்டிய தேவையில்லை. மோந்து பார்த்தது அம்மாதான்.

மழை மண் வாசனை வந்தது. நாற்றம் இல்லை.

அம்மா ரொம்ப நேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது முகத்தில் கோபம் இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்தது. அது என்னவென்று படிக்க மூக்கருக்கு மீட்டர் இல்லை.

"நிறம் சரிதான்," என்றார். "தாளிப்பு பத்தாது."

இன்ஜினியர் பின்னாலிருந்து சிரித்துவிட்டார். அக்காவை அலுவலகத்துக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, அண்ணன் பாட்டில் தண்ணீர் குடித்த சேதி இங்கேயும் வந்துவிட்டது என்று சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை. குடிக்கிறதுக்கான பரிசோதனை இந்தத் தண்ணீருக்குக் கிடையாது, அண்ணே, பலகையை நீங்கதானே துடைக்கிறீங்க என்றார். மூக்கர் அந்தப் பலகை தெரிந்த ஜன்னலை விட்டுச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்கிற தண்ணீர் இங்கிருந்து எங்கே போகிறது?

இன்ஜினியர் மூக்கரைப் பார்த்தார். மூக்கர் தைரியமாக, வாசலுக்கு வெளியே போகிறது என்றார். வாசலுக்கு வெளியே வேறு இலாகா. இத்தனை வருஷமும் அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை. பெண்ணைப் பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டு எந்த ஊருக்கு என்று கேட்காத தகப்பன் மாதிரி இருந்தது, யோசித்துப் பார்த்தால்.

சுவரில் ஊரின் வரைபடம் தொங்கியது. இன்ஜினியர் விரலை வைத்து நகர்த்தினார். ஒரு குழாய் பூங்காக்களுக்கு. பெரிய குழாய் ஆற்றோரத்துச் சாயப்பட்டறைகளுக்கு. முன்பு அவர்கள் கிணற்றை உறிஞ்சிக் காயவைத்தார்கள், இப்போது இதை வாங்கிக்கொள்கிறார்கள். மீதி ஏரிக்கு. ஏரியில் கிடந்து, வெயில் பட்டு, மண்ணில் இறங்கி, மாதக்கணக்கில் ஊறி, கரையோரக் கிணறுகளுக்கு வரும். அந்தக் கிணறுகளிலிருந்து குடிநீர் நிலையத்துக்கு. அங்கே மறுபடியும் ஒரு சுற்று வடிகட்டி, பரிசோதித்து, ஆற்றுத் தண்ணீரோடு கலந்து.

விரல் ஊருக்குள் வந்து நின்றது. அவர்கள் தெருவுக்கும் பக்கத்தில்தான்.

"அப்ப குழாய்த் தண்ணிங்கறது..." என்று மூக்கர் ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பங்கு நம்மளுது, அண்ணே. எல்லா வீட்டுலயும்."

வதந்தி பொய் என்று நிரூபிக்கக் கிளம்பியவர் அங்கே வந்து சேர்ந்திருந்தார். பொய்யே இல்லை. சுற்றி வளைத்துப் பார்த்தால் சாப்பாட்டுக்காரம்மா அந்தத் தண்ணீரில்தான் சமைக்கிறார். மளிகைக்காரரும் அதில்தான் டீ போடுகிறார். தங்கை நம்பாமலே அதில்தான் அரிசி களைகிறாள். தன் தொட்டி ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது! மூக்கருக்கு நெஞ்சு விம்மிற்று. உடனே போய் முடிவெட்டும் கடைப்படியில் ஏறி நின்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் வாய் திறந்தது. மனைவி அவர் முழங்கைக்கு மேல், சதை இருக்கும் இடமாகப் பார்த்துக் கிள்ளினார்.

"இந்த ஒண்ணையாவது வாய்க்குள்ளயே வெச்சிருங்க."

மறுநாள் காலை அம்மா முழுப்பயறு வைத்தார். ஒரே ஒரு டிபன் பாக்ஸில் நிரப்பிக்கொண்டு தையல் கூடத்துக்குப் புறப்பட்டார். மூக்கரும் வர வேண்டும் என்றார். குற்றவாளியை இழுத்துவந்து நிறுத்தும் அந்தக் காட்சி கடைசியில் நடக்கத்தான் நடந்தது. பாத்திரங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. போகும் வழியில் அம்மா ஒரு பெரிய ரொட்டித் துண்டை அவர் கையில் கொடுத்து, கூடத்துக்குள் நுழைந்ததும் வாயில் போட்டுக்கொள்ளும்படியும், தான் கண்காட்டும்வரை மென்றுகொண்டே இருக்கும்படியும் சொன்னார். வருஷக்கணக்கில் அவருக்குச் சோறு போட்டவருக்கு அவர் வாயை எதனால் அடைக்கலாம் என்று தெரியாதா?

தையல் கூடத்தில் வரிசை வரிசையாக மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேற்பார்வை பார்க்கும் பெண் கெட்டிக்காரி, கோபக்காரி இல்லை. எழுந்து நாற்காலி போட்டார். அக்கா மேல் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றும், இத்தனை பெண்களின் வயிற்றுக்குத் தான்தானே பொறுப்பு என்றும், ஒருத்திக்கு ஏதாவது ஆனால் முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. மூக்கர் மென்றார்.

மேஜை மேல் சட்டைகள் மடித்துக் கிடந்தன. ஒன்றின் கழுத்துப்பட்டியில் சின்ன இலைப் படம் போட்ட துணிச்சீட்டு தைத்திருந்தது. அதை அம்மா விரலால் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ன தங்கச்சி, அழகா இருக்கே?"

மேற்பார்வைக்காரருக்கு முகம் மலர்ந்தது. புதுசா வந்திருக்கிற சீட்டு அக்கா, இது இருந்தாத்தான் இப்ப வெளியூர்க்காரன் வாங்கறான் என்றார். மறுசுழற்சி செய்த தண்ணீரில் சாயம் போட்ட துணி என்று அதில் எழுதியிருக்கிறது, பூமிக்கு நல்லதாம், இந்தச் சீட்டு வந்த பிறகு ஆர்டர் குவிகிறது என்றார். பேச்சு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் அது தடுமாறி நின்றது. அவர் சீட்டைப் பார்த்தார். மூக்கரைப் பார்த்தார். மூக்கர் ரொட்டியோடு தலையை மேலும் கீழும் ஆட்டினார். ஆட்டாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லையே.

"உடுத்துறது வேற, உள்ள போறது வேற அக்கா," என்றார் மேற்பார்வைக்காரர், கொஞ்சம் குரல் இறங்கி.

"வேறதான். நான் ஒண்ணும் இல்லைங்கலை." அம்மா டிபன் பாக்ஸை மேஜையில் வைத்தார். "அந்தக் கேனு மாடியில இருக்கற ரோஜாவுக்கு. வந்து பாரு, பூத்திருக்கு. என் அடுப்புக்குக் குழாய்த் தண்ணிதான். உன் வீட்டுக்கு எந்தக் குழாயில வருதோ, அதே குழாய். அதுல என்ன வருதோ உன் பானையிலயும் அதுதான், என் பானையிலயும் அதுதான். அதுக்கு மேல என்கிட்ட கேக்காதே. பொய் சொல்ல எனக்கு வராது."

மேற்பார்வைக்காரர் கெட்டிக்காரி என்று முன்பே சொல்லியாகிவிட்டது. பொய் சொல்ல வராதவர் ஏன் அதற்கு மேல் கேட்காதே என்கிறார் என்று அவர் யோசித்தார். யோசனை முகத்தில் அடிமேல் அடி வைத்து நடந்தது. சாயப்பட்டறைக்குப் போனது, ஏரிக்குப் போனது, திரும்பி வந்தது. கண் மெதுவாக மேஜை மேலிருந்த தன் சொந்தத் தண்ணீர் பாட்டில் மேல் போய் நின்றது.

மூக்கர் பக்கம் திரும்பி, "அப்படியாண்ணே?" என்று கேட்டார்.

மூக்கர் மனைவியைப் பார்த்தார். மனைவி கண்ணைக் காட்டவில்லை. வாழ்க்கையிலேயே சொல்லத் தகுந்த ஒரு விஷயம் அவர் நாக்கு நுனியில், ரொட்டிக்குப் பின்னால், காத்துக்கொண்டிருந்தது. அவர் மென்றார். மென்று, விழுங்கி, விழுங்கிய பிறகும் காலி வாயை மென்றார்.

மேற்பார்வைக்காரர் பாட்டிலைத் திறந்தார். மூக்கின் கீழே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. இரண்டு மிடறு குடித்து மூடினார்.

"பிறந்ததுல இருந்து குடிக்கிறேன்," என்றார் தனக்குள்ளே சொல்வதுபோல. பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தார். ஆவி வந்தது. "நாளையில இருந்து அனுப்புங்க அக்கா. பொண்ணுங்க கடையில வாங்கித் தின்னு வயித்தைக் கெடுத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒரே ஒண்ணு. அண்ணன் அந்தக் கேனை இந்தத் தெரு வழியா கொண்டுவர வேண்டாம்."

அன்று சாயந்தரமே மூக்கர் பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். கேனின் மேல் கொட்டை எழுத்தில் ரோஜாவுக்கு என்று எழுதினார். எழுதிய பிறகு, அது யாரோ ரோஜா என்ற பெண்ணுக்குப் போகிறது என்று பேச்சு வருமோ என்று ஒரு பயம் வந்தது. ஒரு செடியின் படத்தையும் வரைந்தார். தையல் கூடம் வந்ததும் கிளினிக் வந்தது. கிளினிக் வந்ததும் தங்கை, தான் எப்போதுமே நம்பவில்லை என்று ஞாபகப்படுத்திவிட்டு, இரண்டு பாக்ஸாக அனுப்பச் சொன்னாள். பெரிய பாத்திரம் நிமிர்ந்து அடுப்பேறியது. நாற்காலி நடைபாதையிலேயே நிலைத்தது.

ஒன்று மட்டும் பாக்கி. அதை மனைவி அன்றிரவு சோறு போடும்போது நேராகவே கேட்டார். ஒரு நல்ல வார்த்தை வேண்டும். தன் சமையலைப் பற்றி, தன் முகத்தைப் பார்த்து. அதில் தொட்டி வரக் கூடாது, நுரை வரக் கூடாது, காற்று வரக் கூடாது.

மூக்கர் அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தார். நன்றாக இருக்கிறது என்றார். தள்ளுபடி, அதைத் தையல் கூடமே சொல்கிறதாம். மறுநாள் கொஞ்சம் யோசித்து, பக்குவமாக இருக்கிறது, அடியில் மண்டி தங்கவில்லை என்றார். மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்ததில் அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். இன்ஜினியரிடம் யோசனை கேட்டார். மனசுல என்ன தோணுதோ அதைச் சொல்லுங்கண்ணே என்றார் அவர். அதில்தான் கஷ்டமே. மனசில் தோன்றுவதெல்லாம் கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடி, மழை மண் வாசனையோடுதான் தோன்றுகிறது. உலகத்திலுள்ள நல்லதையெல்லாம் அவர் அந்த ஒரே அலமாரியில் அடுக்கிவைத்திருக்கிறார். வேறு அலமாரி அவரிடம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டார்.

நேற்றும் முழுப்பயறுதான். ஆவி எழுந்து மூக்கைத் தொட்டது. மூக்கர் வாயைத் திறந்தார். மனைவி கரண்டியைப் பாத்திரத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். மூக்கர் வாயை மூடிக்கொண்டார். தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார்.

"இன்னும் ஒரு கரண்டி வைம்மா."

மனைவி வைத்தார். "இது வட்டிக்குச் சரி," என்றார். "அசல் அப்படியே நிக்குது."